பாத்ரூம் கதவு நீலத்தில் ஓர் அலைப்பலகை

கடலூரில் எங்கள் தெரு. தீபாவளி அன்று காலை. வெடித்துத் தீர்ந்த காகிதம் தரையெல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது. எல்லா வாசலிலும் ஆட்கள். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் வெடிமருந்து வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. தெருவின் நடுவே, என் கழுத்தில் தாலி கட்டிச் சில மாதமே ஆன என் கணவர், என் அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

சைக்கிளின் பக்கவாட்டில், பழைய டியூபால் இறுக்கிக் கட்டிய ஒரு நீலப் பலகை. சைக்கிளைவிட அது நீளம். முன்னால் மூக்கு நீண்டிருக்கிறது, பின்னால் வால் நீண்டிருக்கிறது. ஒரு பக்கத்துப் பெடல் பலகைக்குள் மாட்டிக்கொண்டதால் ஏறி ஓட்டவும் முடியாது. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, சாமி ஊர்வலம் போகிற வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பாத்ரூம் கதவத் தூக்கிக்கிட்டு எங்க போறாரு உங்க மாப்புள்ள?"

தெரு மொத்தமும் சிரித்தது. நான் எங்கள் வீட்டு கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று பேச்சுக்குச் சொல்வார்கள். நான் நிஜமாகவே தரையைப் பார்த்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் ஓசூர்க் குளிரைப் பற்றி எழுதியிருந்தேன். கடலையே பார்க்காத மனிதரைக் கட்டிக்கொண்டதாகப் போகிற போக்கில் ஒரு வரி வந்துவிட்டது. "அப்புறம் அவரைக் கடலுக்குக் கூட்டிப் போனீர்களா, இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கூட்டிப் போனேன் அம்மா. அதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மோர்க்குழம்பும் பேங்கும்

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைதீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளையை அன்று ஒரு நாள் மேலும் கீழும் பார்த்து, மறுநாளே ஒரு பெயர் வைத்துவிடும். வைத்தால் வைத்ததுதான். தலை நரைத்தாலும் மாறாது.

மோர்க்குழம்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒருவர் 'மோர்க்குழம்பு மாப்பிள்ளை' ஆனார். பின்னாளில் அவர் அரசாங்கத்தில் பெரிய பதவிக்குப் போனார், ஜீப்பில் வந்து இறங்கினார். தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அவர் மோர்க்குழம்புதான்.

என் அக்காவின் கணவருக்கு பேங்கில் வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனா செருகி, ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். 'பேங்க் மாப்பிள்ளை' என்று மரியாதையாகப் பெயர் விழுந்தது. அந்தப் பெயரைத் தானே யோசித்து வைத்ததுபோல் என் அம்மாவுக்குப் பூரிப்பு.

அடுத்தது என் முறை. என் கல்யாணம் மாப்பிள்ளையின் ஊரான கெலமங்கலத்தில் நடந்தது. அதனால் எங்கள் தெரு அவரைப் பார்த்திருக்கவில்லை. "ஓசூர்ல கம்பெனில வேல" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். ஓசூர், கம்பெனி என்றதும் தெருவின் கற்பனை வாட்ச், பைக், லாரி என்று தானாகவே ஓடியது. அப்பா அதைத் தடுக்கவில்லை. உண்மையில் அவருடைய கம்பெனி, சிப்காட்டின் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஃபைபர் ஷெட். தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட், பாத்ரூம் கதவு, இவைதான் அங்கே உற்பத்தி.

அவர் பெயர் முனிராஜ். அந்தக் காலத்தில் நான் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. 'ஏங்க' என்றால் அவர், 'எங்க வீட்டுக்காரர்' என்றாலும் அவர். இப்போது எழுத்தில் துணிச்சல் வந்திருக்கிறது. படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

தெரு அவருக்கு ஒரு நல்ல பெயராக வைக்க வேண்டும். பேங்க் அளவுக்கு இல்லாவிட்டாலும் மோர்க்குழம்புக்கு மேலே இருந்தால் போதும். தீபாவளிக்கு முந்தைய வாரமெல்லாம் எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

ஷெட்டில் ஒரு ஞாயிறு

ஓசூருக்கு வந்த புதிதில் நான் எதற்கெடுத்தாலும் கடலை இழுப்பேன். மீன் வாங்கினால், "இதெல்லாம் ஐஸ்ல செத்த மீனு, எங்க ஊர்ல துடிக்கும்." வானம் மூட்டமாக இருந்தால், "எங்க ஊர்ல இந்நேரம் கடல் இரையும், வீட்டுல இருந்தே கேக்கும்." முனிராஜுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கெலவரப்பள்ளி அணைதான். ராகிக் களியை உருட்டியபடி, நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வார். கேட்டு எங்கே சேர்த்து வைத்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஷெட்டுகளில் ஒரு பழக்கம். ரிப்பேருக்கு எது வந்தாலும் சரி, திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதன்மேல் ஒரு மோல்டு, அதாவது அச்சு, எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடுவார்கள். என்றைக்காவது உதவும் என்று ஒரு நம்பிக்கை. பெங்களூர்ப் பையன் ஒருவன், உடைந்துபோன அலைப்பலகை ஒன்றை ஒட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறான். கடல் அலைமேல் நின்றுகொண்டு சறுக்குகிற பலகை. ஒட்டிக் கொடுத்தார்கள், அச்சும் எடுத்துக்கொண்டார்கள். அணை மட்டுமே இருக்கிற ஊரில் அந்த அச்சு யாருக்கு உதவும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டு, மிச்சம் மீதிச் சாமானில் முனிராஜ் தனக்கென்று ஒன்று வார்த்தார். நான் சாப்பாடு கொண்டுபோனேன். ஃபைபர் வார்க்கும் ரெசின் பசையின் வாசனை, நகப்பூச்சைக் குடம் குடமாகக் கொட்டியதுபோல் வாசலுக்கே வந்து நின்றது. அவர் கையெல்லாம் தேங்காய் எண்ணெய். ஃபைபரின் கண்ணாடி இழை தோலில் குத்தி அரிக்காமல் இருக்க, அங்கே எல்லோரும் எண்ணெய் பூசிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அப்படியும் அரிக்கும். அவர் சட்டையைத் துவைத்துவிட்டு நானும் ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடந்திருக்கிறேன்.

"என்னாங்க இது?"

"உங்க ஊருக்குத்தான். தலதீவாளிக்கு வெறுங்கையோட வரச் சொல்றியா? உன் கடலு மேல நின்னு காட்றன் பாரு."

அந்த ஷெட்டுக்குத் தெரிந்த நல்ல சாமானின் இலக்கணம் மூன்றுதான். கனமாக இருக்க வேண்டும், உறுதியாக இருக்க வேண்டும், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்க வேண்டும். முனிராஜ் மூன்றிலும் குறை வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போடுவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டார். தொட்டியைச் செய்வதுபோலவே மேல் பாதி, கீழ் பாதி என்று தனித்தனியாக வார்த்து விளிம்பில் ஒட்டினார். உள்ளே வெற்றிடம். கலருக்கு மிச்சம் இருந்தது கதவுக்குப் போடுகிற நீலம் மட்டும்தான். கடைசியில் மெழுகு பூசி, மெஷினால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டார். என் முகத்தை அதில் பார்த்தேன். பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். ஐயோ, இதோடு நான் ஊருக்குப் போக வேண்டுமே என்றுதான் தோன்றியது.

குருபரப்பள்ளியில் ஒரு கும்பிடு

பாகலூர் ரோட்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டிலிருந்து ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே சைக்கிள் ஊர்வலம்தான். யார் கண்ணிலும் படக்கூடாது என்று என் பழைய வெள்ளை நூல் புடவை ஒன்றை எடுத்துப் பலகையைச் சுற்றிலும் சுற்றிக் கட்டியிருந்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு.

பஸ் மேலே ஏற்றியாயிற்று. சூளகிரி தாண்டி குருபரப்பள்ளியில் டீக்கு நிறுத்தினார்கள். கீழே நின்ற ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் கூரையை நோக்கிக் கும்பிட்டார். வெள்ளைத்துணி சுற்றி நீளமாக ஒன்று கிடந்தால் யாரும் அப்படித்தானே நினைப்பார்கள்.

"எந்த ஊருக்குப்பா எடுத்துக்கினு போறீங்க?" என்று முனிராஜிடம் இரக்கத்தோடு கேட்டார்.

"கடலூருக்குங்க."

"வயசானவங்களா?"

"இல்லீங்க, புதுசு. போன வாரந்தான் செஞ்சது."

பெரியவர் அவரை விநோதமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார். என் கையில் டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, கிருஷ்ணகிரி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டுக்காரி என்றே நினைத்துப் பக்கத்து சீட்டுப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டு வந்தாள்.

காற்று அடித்த பக்கம்

இனி அந்தத் தீபாவளிக் காலைக்கு வருகிறேன்.

விடியலில் அம்மா புது மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெய் வைத்தார். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் குளிக்கக் குளிக்கப் போகாத எண்ணெய். எண்ணெய் பூசி வேலை செய்தே பழகிய மனிதர், கையில் வாங்கி உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டார். இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்ட கையோடு, "மாமா, சைக்கிள் குடுங்க" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அடமழக் காலம் மாப்புள, கடலு ஒரு மாதிரியா கெடக்கும்" என்று அம்மா இழுத்தார். கடலுக்காக அல்ல, தெருவுக்காகத்தான் இழுத்தார் என்று எனக்குத் தெரியும். அப்பா உள்ளே போய்த் துணி எடுத்து வந்து சைக்கிள் ஹேண்டில்பாரைத் துடைத்துக் கொடுத்தார்.

கதவு என்று எதிர்வீட்டு மாடிக் குரல் சொன்னதும் தெரு அதைப் பிடித்துக்கொண்டது. "ஓசூரு கம்பெனி கதவுப்பா!" என்று இன்னொரு வாசல். தெரு முனையில் கடற்காற்று எதிரே வந்தது. கடற்காற்றைப் பற்றி ஓசூர்க்காரருக்கு என்ன தெரியும்? அகலப் பலகையில் காற்று மோதி, சைக்கிளை அவரோடு சேர்த்து அப்படியே குறுக்கே திருப்பிவிட்டது. மூக்கு ஒரு வீட்டு வேலியில், வால் எதிர்வீட்டுக் கோலத்தில். தெரு அடைபட்டுப்போனது.

பின்னால் ஸ்கூட்டர் ஹார்ன். அக்காவும் பேங்க் மாமாவும்.

"என்ன தம்பி இது? நாலு பேரு பாக்கற மாதிரியா?" என்றார் மாமா. ஸ்கூட்டரை விட்டு அவர் இறங்கவில்லை.

"பாக்கட்டுங்கண்ணா, நல்லா ஃபினிஷிங் பண்ணியிருக்கறன்" என்றார் இவர்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த இரக்கம் இருக்கிறதே, அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் வெகுதூரம் பின்னால், யாரோ முன்பின் தெரியாத வழிப்போக்கரைப்போல நடந்தேன்.

பளபளப்பு

மணல் தொடங்கும் இடத்தில் முனிராஜ் நின்றுவிட்டார். ஸ்டாண்டு போடவில்லை, சைக்கிளைக் கையில் பிடித்தபடியே நின்றார். பண்டிகைக்குக் கடற்கரைக்கு வந்த கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

நான் பக்கத்தில் வந்து நின்றதும், "எதிர்க்கரையே இல்லயா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நீ சொன்னப்ப சும்மா சொல்றன்னு நெனச்சன்."

பலகையை அவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதன் கனத்துக்குக் கால் மணலில் கணுக்கால்வரை புதைந்தது. முதல் அலை அடித்த வேகத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தார். பலகையைப் போட்டு ஒரு காலை வைத்தார். மெழுகு போட்டுக் கண்ணாடியாக்கிய பலகை, உள்ளங்காலெல்லாம் நல்லெண்ணெய். கால் நிற்குமா? சர்ரென்று ஒரு பக்கம் கால், ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் பலகை.

கூட்டம் கூடிவிட்டது. பலூன்காரர்கூட வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறை விழும்போதும் விசில் பறந்தது. எழுந்து, தலையை உதறி, தோலில் ஒட்டின மணலோடு மறுபடி ஏறுவார். எனக்குக் காது சுட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது, அழுகை வெளியே தெரிந்தால் அது இன்னொரு அவமானம் என்று அதையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் சுண்டல் விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். "யாரு வூட்டு ஆளுடி இது, பண்டிக நாளும் அதுவுமா?"

"எங்க வீட்டுக்காரரு" என்றேன்.

"என்னா? காதுல வுழலடி. சத்தமா சொல்லு."

எனக்கு மறுபடி சொல்ல வரவில்லை. அந்த அம்மாளும் விட்டுவிட்டு மறுபடி வேடிக்கை பார்க்கப் போய்விட்டாள்.

கடைசியில் நிற்கிற ஆசையை விட்டு, முனிராஜ் பலகையின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். பின்னாலிருந்து வந்த ஒரு பெரிய அலை, பலகையையும் ஆளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து, என் காலடியில் கொண்டுவந்து போட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த முகத்தில் அதுவரை பார்த்ததில்லை.

"நிக்கத்தான் முடியல. ஆனா பாத்தியா, அதுவா கூட்டியாந்து வுட்டுச்சு" என்றார். உதட்டை நக்கிவிட்டு, "உப்புன்னு சொன்ன. இவ்ளோ உப்புன்னு சொல்லவேயில்லயே!"

வெட்கப்பட வேண்டிய மனிதர் வெட்கப்படவே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பட்டுக்கொண்டிருந்தேன்.

வாலைப் பிடித்தவள்

திரும்பும்போது பலகை இன்னும் கனத்தது. விழுந்து விழுந்து எங்கோ ஒட்டு விட்டிருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது. சைக்கிள் பின்பக்கம் சாய்ந்து முன்சக்கரம் தூக்கியது. பின்னால் ஒருவர் தாங்கினால்தான் நகரும் என்ற நிலை.

வேடிக்கை பார்க்கக் கடற்கரைவரை வந்திருந்த பேங்க் மாமாவைப் பார்த்தேன். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. புதுப் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான்தான் வாலைப் பிடித்தேன்.

உச்சி வெயிலில், தெரு மொத்தமும் சாப்பாட்டுக்கு முன் வாசலில் நிற்கிற நேரம் பார்த்து, நாங்கள் இரண்டு பேரும் பலகையோடு உள்ளே நுழைந்தோம். ஒவ்வொரு அடிக்கும் பலகைக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று முன்னும் பின்னும் ஓடியது.

"கதவு மாப்பிள்ள வந்துட்டாருடோய்!"

ஆயிற்று, பெயர் விழுந்துவிட்டது. முனிராஜ் ஒரு கையைத் தூக்கி, "வந்துட்டங்க!" என்றார். நான் குனிந்த தலை நிமிராமல், பலகையின் நீலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்தப் பளபளப்பில் என் முகம் கோணலாகத் தெரிந்தது.

பலகையைக் கடலூரிலேயே விட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. "மாப்புள ஆசையா செஞ்சதும்மா, இங்க போட்டு வீணாக்கக் கூடாது" என்று அம்மா அவசர அவசரமாகக் கயிறு எடுத்துக் கொடுத்தார். மறுபடி பஸ் கூரை, மறுபடி குருபரப்பள்ளி. இந்த முறை நான் புடவை சுற்றவில்லை.

ஓசூர் வீட்டில் அது சமையல் மேடைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. "ஓட்ட போட்டுத் தண்ணிய வடிச்சுடட்டா?" என்று முனிராஜ் ட்ரில்லோடு வந்து கேட்டார். எதனாலோ, "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பெருக்கும்போது அதை நகர்த்தினால் உள்ளே ஓர் அலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வரும். குளிர் இறங்கிய அந்த மார்கழியில் வேண்டுமென்றே சிலமுறை நகர்த்தியிருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா கௌரம்மா ஒரு நாள் பாலுக்கு உறை கேட்டு வந்தார். பாகலூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் புரியும், ஆனால் கன்னடம்தான் பேசுவார். பலகையைப் பார்த்துவிட்டு, "இதேனம்மா?" என்றார். இது என்ன?

கூச்சம் இன்னும் விட்டபாடில்லை. "பாத்ரூம் கதவு" என்று நானே சொல்லிவிட்டேன்.

அவர் அதைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். சளக்கென்றது.

"பாகிலொளகே நீரு யாக்கம்மா?" கதவுக்குள்ளே தண்ணீர் எதற்கம்மா என்று கேட்கிறார்.

ஒட்டு விட்ட இடத்தில் ஒரு சொட்டு கசிந்து நின்றது. கௌரம்மா அதை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கி விரிந்தது.

"உப்பு!"

"கடல் தண்ணிம்மா" என்றேன்.

அவர் கடல் பார்த்ததில்லை. மறுபடி ஆட்டினார். காதைப் பலகையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தண்ணீர் போய் அடங்குகிறவரை கேட்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, வரிசை வீட்டுப் பெண்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வந்து நின்றவர்கள் முன்னால் என்னிடம், "யாரு மாடித்து இது?" என்று கேட்டார். யார் செய்தது?

"எங்க வீட்டுக்காரரு" என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன்.

"முனிராஜு."